அடுப்படிக்குள் ஓடிய எல்லைக்கோடு

கீழத்தெருவில் பிறந்து நாகநாதன் நகரில் மனை வாங்கிய முதல் ஆள் செவ்வந்தி. ஊர் மணக்கொல்லை. கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை போகும் பஸ்ஸில் ஏறிப் பாதியில் இறங்கி, தெற்கே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். நகர் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஏழு ஏக்கர் நஞ்சையில் மண்ணடித்து மேடாக்கிப் போட்ட நான்கு தெருக்கள், ஒரு மேல்நிலைத் தொட்டி, நுழையும் இடத்தில் ஒரு சிமெண்ட் வளைவு. வளைவில் நாகநாதன் என்ற பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. செவ்வந்தி தன் முகவரியில் அந்தப் பெயரை எழுதுவதில்லை. 'கீழத்தெரு எதிரில், மணக்கொல்லை' என்றுதான் எழுதுவார். தபால்காரர் சொல்லிப் பார்த்து அலுத்து, இப்போது பெயரைப் பார்த்தே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நகர்வாசிகள் எல்லாரையும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூட்டினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒலிபெருக்கி, ஆளுக்கொரு போண்டா. கூட்டத்தைக் கூட்டியவர் நகர் நலச் சங்கத்தின் செயலாளர் லியாகத் அலி. கும்பகோணத்தில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். பேச வந்தவர் துரைராசு. வளைவில் பெயருள்ள நாகநாதனின் மகன், நகரைப் போட்டவர். பத்து வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவர். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் மூன்றாம் மாதத்துக்குள் அவருடைய காரில் கொடி மாறிவிடும்.

துரைராசு ஒரு வண்ணப் பலகையை நிமிர்த்தி வைத்தார். நகரின் தென்கோடியில், வடிவாய்க்காலை ஒட்டி, பச்சையாக ஒரு பட்டை. ஊரில் எல்லாரும் அதை ரிசர்வ் சைட் என்பார்கள். ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, அறுபதடி அகலம். நகர் போட்டபோதே யாரும் கட்டடம் கட்டக் கூடாது என்று பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்த இடம்.

"இந்த அறுபதடியை முப்பதடி ஆக்கிக்கிறோம். எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்துறோம், அவ்வளவுதான். நாலு மனை கூடுதலாக் கெடைக்கும். அதுல வர்றதுல நகருக்குன்னு ஒரு கல்யாண மண்டபம் நானே கட்டித் தர்றேன். ஏசி இல்ல, ஆனா ஃபேன் உண்டு. உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகை கெடையாது."

கைதட்டல் எழுந்தது. எழாமல் இருக்குமா? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்ணோ பையனோ கல்யாணத்துக்கு இருந்தார்கள். கும்பகோணத்தில் மண்டபம் பிடிக்க முகூர்த்தத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே அலைய வேண்டும்.

"ஆனா ஒண்ணு," என்றார் துரைராசு. "வரைபடத்தைத் திருத்தணும்னா மனை வாங்கின எல்லாரும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும். ஒருத்தர் பாக்கி நின்னாலும் கோப்பு நகராது."

தாள் நாற்காலி நாற்காலியாகப் போயிற்று. செவ்வந்தியிடம் வந்தபோது அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஐம்பது வயது, ஒல்லி, மூக்குக்கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் என்பதால் ஊர் அவரை டீச்சர் என்றே கூப்பிடும்.

"அந்த அறுபதடி எதுக்கு விட்டதுன்னு சாருக்கு ஞாபகம் இருக்கா?"

"பூங்காவுக்கு டீச்சர்."

"கீழத்தெரு தண்ணி போறதுக்கு."

"தண்ணி போக முப்பதடி பத்தாதா? இப்ப காவேரியிலயே அவ்வளவு அகலத்துக்குத் தண்ணி வர்றதில்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். செவ்வந்தி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"உங்கப்பா காலத்துல அகலத்துக்கு என்ன சார் குறைச்சல்? அப்பவும் நல்ல அகலம்தான். தொறந்து விடத்தான் ஆள் இல்லை."

தாளைப் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கொடுத்தார். கையெழுத்துப் போடவில்லை. போண்டாவும் எடுக்கவில்லை.

நகரில் பாதிப் பேருக்கு அவர் சொன்னது புரியவில்லை. அவர்கள் திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் வந்து மனை வாங்கியவர்கள். கீழத்தெருக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கீழத்தெரு நகருக்கு மேற்கே இருக்கிறது. ஊரிலேயே பள்ளமான இடம். மழைத் தண்ணீரும் வயல் தண்ணீரும் அங்கே வந்து சேரும். அங்கிருந்து ஒரு சின்ன மதகு வழியாக வெளியேறி, இன்று ரிசர்வ் சைட் ஆகியிருக்கும் பட்டையில் ஓடி, வடிவாய்க்காலில் விழும். வேறு வழி கிடையாது. அந்தப் பட்டையும் மதகும் அன்றைக்கு மிராசுதார் நாகநாதனின் பட்டாவில் இருந்தன.

செவ்வந்திக்குப் பத்து வயதாக இருந்தபோது குறுவை அறுப்பில் கூலித் தகராறு வந்தது. அரை மரக்கால் நெல் கூடக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. தெருமுனையில் செங்கொடியை நட்டுவிட்டு, யாரும் அறுப்புக்குப் போவதில்லை என்று உட்கார்ந்தார்கள். ஐப்பசி அடைமழை. மிராசுதார் அடியாள் அனுப்பவில்லை, பேச்சு வார்த்தைக்கும் வரவில்லை. இரண்டு பேரை விட்டு மதகில் வைக்கோல் பிரியும் களிமண்ணும் திணித்து அடைத்தார்.

முதலில் முற்றத்தில் தண்ணீர் நின்றது. பிறகு வீட்டுக்குள். அடுப்பு எல்லாம் தரையில் போட்டதுதான், எல்லாம் கரைந்து போயிற்று. செவ்வந்தியின் அம்மா அம்சம் உரலைக் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் மூன்று செங்கல்லை வைத்துக் கஞ்சி காய்ச்சினார். விறகு ஈரம். பிள்ளைகள் பரணில் கிடந்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், பழைய கூலிக்கே அறுக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அன்று சாயங்காலம் மதகு திறந்தது.

யாரும் யாரையும் அடிக்கவில்லை. போலீஸ் வரவில்லை. பேப்பரிலும் வரவில்லை. ஒரு மதகை அடைத்தார்கள், ஒரு தெரு பணிந்தது.

அடுத்த சில வருடங்களில் குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. தெருவில் எல்லாருக்கும் காகிதம் கிடைத்தது. மேளம் வைத்துக் கொண்டாடினார்கள். அம்சம் மட்டும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாராம்: "வீடு நம்ம பேருக்கு வந்துடுச்சு. தண்ணி இன்னும் அவரு பேருலதான் இருக்கு."

செவ்வந்தி நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். மருதையனைக் கட்டிக்கொண்டார். மருதையனும் அதே மிராசுதார் வயலில் மண்வெட்டி பிடித்தவர். சத்துணவுத் திட்டம் வந்தபோது செவ்வந்தி பள்ளிக்கூடத்தில் சமையல் உதவியாளர் ஆனார். மத்தியானம் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஐந்தாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து பாடம் கேட்பார். இருபத்தெட்டு வயதில் தனியாகப் பத்தாவது எழுதினார். கணக்கில் ஒரு தடவை போயிற்று, மறுபடி எழுதினார். அமைப்பாளர் ஆனார்.

தொண்ணூற்றிரண்டில், நாகநாதன் இறந்த மறு வருடம், துரைராசு ஏழு ஏக்கரை மனையாக்க மனுப் போட்டார். கீழத்தெரு மொத்தமும் பஸ்ஸை மறித்தது. எங்கள் தண்ணீர் போகும் பட்டையை விட்டுவிட்டு மீதியில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்பதுதான் கோரிக்கை. அன்றைக்கு அதிகாரிகள் முன்னால் பேசியது செவ்வந்தி. ஒரு நாள் பஸ் ஓடவில்லை. மறுநாள் அறுபதடியும் மதகும் பஞ்சாயத்துப் பெயருக்குப் போயின. ஒரு தலைமுறை கழித்துத் தண்ணீர் ஒருவர் கையிலிருந்து விடுபட்டது.

மனை விற்பனை தொடங்கிய அன்று செவ்வந்தி முதல் ஆளாகப் போய் நின்றார். பட்டையை ஒட்டிய கடைசி மனையைக் கேட்டார். துரைராசு வரைபடத்தைச் சுருட்டினார்.

"அது பள்ளமா இருக்கும்மா. உங்களுக்கு வேற பாக்கலாமே."

"பள்ளத்துலதான் சார் பொறந்தோம். பழக்கம் உண்டு."

அந்த மனையில் வீடு எழும்பியது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக அறை சேர்த்தார்கள். கடைசியாக, அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வருடம் முன்னால், அடுப்படி. செவ்வந்திக்கு வீட்டிலேயே பிடித்த இடம் அது. கடப்பைக் கல் மேடை, நின்றுகொண்டே சமைக்கலாம். தெற்கே பெரிய ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் வரப்பு, வரப்புக்கு அப்பால் ரிசர்வ் சைட், கோரைப் புல், கொக்கு. மனைக்கும் பட்டைக்கும் நடுவே ஓடும் அந்த வரப்பை ஒட்டியே அடுப்படிச் சுவரை எழுப்பினார்கள். வரப்புத்தானே எல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

கூட்டம் முடிந்த வாரத்திலேயே நகரின் தொனி மாறியது. எதிர்வீட்டு ஆனந்தவல்லி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"சிலருக்கு அடுத்தவங்க வீட்டுல மேளம் கொட்டினா காது வலிக்கும் போல."

"உங்க வீட்டு மேளத்துக்கு நானும் வருவேன்," என்றார் செவ்வந்தி. "தண்ணிக்குள்ள நின்னு மொய் எழுத என்னால ஆவாது, அதான்."

லியாகத் அலி இரண்டு முறை வந்தார். செவ்வந்தியை அவர் அக்கா என்பார்.

"அக்கா, எனக்கு மட்டும் ஆசையா? சங்கம் சொல்லுது, நான் அலையறேன். முப்பதடி விட்டாலும் தண்ணி போவும்னு இன்ஜினியர் எழுதிக் குடுத்திருக்காரு."

"பாய், இன்னைக்கு முப்பது. அந்த நாலு மனை வித்ததும் அவங்க சுவரு வைப்பாங்க. அப்புறம் பதினஞ்சு. அப்புறம் ஒரு குழாய். குழாய்க்கு ஒரு மூடி. மூடி யார் வீட்டுல இருக்கும்?"

லியாகத் அலி டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாவதாகத் துரைராசுவே வந்தார். வாசலோடு நிற்கவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்தக் குடும்பத்தில் கீழத்தெரு ஆட்கள் வீட்டில் தண்ணீர் குடித்த முதல் ஆள் அவர்தான். அதை அவரும் அறிவார், தெருவும் அறியும். மருதையன் கதவோரம் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க மருதையன்," என்றார் துரைராசு.

"இருக்கட்டுங்க சின்னையா."

செவ்வந்தி கணவரைப் பார்த்தார். அவர் உட்கார்ந்தார்.

"டீச்சர், அப்பா செஞ்சதுக்கு நான் பொறுப்பாக முடியுமா? காலம் மாறிப்போச்சு. உங்க தெருப் பசங்க இன்ஜினியராயிட்டாங்க. இன்னும் மதகு, மதகுன்னு பேசினா எப்படி?"

"மாறினதாலதான் சார் நீங்க என் வீட்டுல உக்காந்து கேக்குறீங்க. ரொம்ப சந்தோசம். ஆனா தண்ணி குடிச்சதுக்காகக் கையெழுத்துக் கிடையாது."

அவர் போனபின் ஆனி மாதத்தில் இரவோடு இரவாக டிராக்டர்கள் வந்தன. பட்டையின் கிழக்கு ஓரத்தில் கட்டட இடிபாடு மலையாகக் குவிந்தது. உடைந்த செங்கல், ஜல்லி, பழைய ஓடு. யார் கொட்டினார்கள் என்று கேட்டால் நகரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த இடம் ஏற்கெனவே மேடாகத்தான் இருக்கிறது, தண்ணீர் ஓடுவது பாதி அகலத்தில்தான் என்று வரைபடத்தைத் திருத்தச் சங்கம் எழுதிய மனுவில் ஒரு வரி சேர்ந்தது.

செவ்வந்தி சும்மா இருக்கவில்லை. நகரமைப்பு அலுவலகத்துக்குத் தானே பஸ் ஏறிப்போய் மனுக் கொடுத்தார். ரிசர்வ் சைட்டின் நான்கு எல்லையையும் சர்வேயர் வந்து அளந்து காட்ட வேண்டும், உள்ளே யார் எதை வைத்திருந்தாலும் அகற்ற வேண்டும் என்று. அந்த மனுவை எழுதும்போது அவர் மனதில் இருந்தது இடிபாடு மட்டும்தான்.

ஆடி மாதம் முதல் வாரத்தில் வந்தார்கள். நகரமைப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி, சங்கிலியோடு ஒரு சர்வேயர், இரண்டு ஆட்கள். நகர் மொத்தமும் ஒரு பக்கம் கூடியது. கீழத்தெரு மொத்தமும் இன்னொரு பக்கம். நடுவில் துரைராசு, வெள்ளை வேட்டி, கையில் பைல்.

எல்லைக்கற்கள் வரப்பில் இருக்கும் என்று தேடினார்கள். வரப்பில் ஒன்றுகூட இல்லை. சர்வேயர் அலட்டிக்கொள்ளவில்லை. ரோட்டு முனைக் கல்லிலிருந்து ஒரு சங்கிலி, மதகிலிருந்து ஒரு சங்கிலி, வரைபடத்தைப் பார்த்து நேராக ஒரு கயிறு. கயிறு காலி மனைகளைத் தாண்டி வந்தது, செவ்வந்தி வீட்டுச் சுவரில் முட்டி நின்றது.

"உள்ள வரலாமாம்மா?" என்றார் சர்வேயர்.

உள்ளே போனார். அடுப்படித் தரையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டார். கோடு கதவுக்கும் மேடைக்கும் நடுவில் ஓடியது. காஸ் அடுப்பு, கடப்பைக் கல், பெரிய ஜன்னல் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். சரியாக மூன்றடி. பாதி அடுப்படி ரிசர்வ் சைட்டுக்குள் நின்றது.

அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே யாரோ எட்டிப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குச் சொன்னார். சிரிப்பு கிளம்பி, ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போயிற்று.

"அளக்கச் சொன்னதே டீச்சர்தான்," என்றார் ஆனந்தவல்லி. "நல்லா அளந்துட்டாங்க."

செவ்வந்தி கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "வரப்புதானே சார் எல்லை? வரப்புக்கு இந்தப் பக்கம்தானே கட்டியிருக்கோம்?"

"வரப்பு சரிதாம்மா. ஆனா வரப்பு நகர்ந்திருக்கு." சர்வேயர் வெளியே போய்க் காட்டினார். காலி மனைகளின் ஓரத்தில் கயிற்றடியில் தோண்டியபோது எல்லைக்கல் தட்டுப்பட்டது. வரப்பு அதைத் தாண்டி மூன்றடி தெற்கே, பட்டைக்குள் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. "இந்த வரப்பை யாரு பாத்துக்குறது?"

மருதையன் முன்னால் வந்தார். "நாந்தாங்க. வருசா வருசம் ஆடியில அண்டை வெட்டுவேன். விட்டா புல்லு மண்டிப் பாம்பு வந்துரும்."

"எப்படி வெட்டுவீங்க?"

மருதையன் மண்வெட்டியை வாங்கிக் காட்டினார். வரப்பின் இந்தப் பக்கத்தை மெல்லச் செதுக்கினார். அந்த மண்ணையே ஈரத்தோடு அள்ளி அந்தப் பக்கத்தில் சாத்தி, பின்புறத்தால் தட்டி மெழுகினார். பார்க்க அழகாக இருந்தது. வரப்பு ஒரு விரற்கடை அந்தப் பக்கம் போயிருந்தது.

"ரெண்டு பக்கமும் செதுக்கி ரெண்டு பக்கமும் சாத்தினா என்ன?"

"கை அப்படித்தாங்க போவும். சின்னப் பையனா பண்ணையில சேந்தப்பவே பெரியய்யா சொல்லிக்குடுத்தது. நம்ம பக்கம் செதுக்கு, அடுத்தவன் பக்கம் சாத்து. வருசத்துக்கு நாலு விரக்கடைக்கு மேல போவாத, போனா தெரிஞ்சுரும்." மருதையன் துரைராசுவைப் பார்த்தார். அவர் குரலில் குத்தல் இல்லை. "உங்கப்பா வெட்டுதாங்க சின்னையா. எனக்கு வேற வெட்டுத் தெரியாது."

இப்போது கீழத்தெருப் பக்கம் சிரித்தது. "ஏழு ஏக்கர்ல எத்தனை ஏக்கர்யா அப்படி வந்துச்சு?" என்று ஒரு குரல். நகர்க்காரர்களிலும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

துரைராசு சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தார். பிறகு செவ்வந்தியிடம் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் இதமாகவே சொன்னார்.

"டீச்சர், இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. இதுக்குத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்றேன். எல்லைய முப்பதடி நகர்த்திட்டா உங்க அடுப்படி சட்டப்படி உங்களுதாயிடும். ஒரு கையெழுத்து. உங்களுக்கும் நல்லது, நகருக்கும் நல்லது."

லியாகத் அலி பக்கத்தில் வந்தார். "அக்கா, அல்லாவே ஒரு வழி விட்டிருக்கான். போட்டுருங்க."

செவ்வந்தி அதிகாரியைப் பார்த்தார். "கையெழுத்துப் போடலைன்னா?"

"நோட்டீஸ் வரும்மா. மூணடியை எடுத்துடச் சொல்வோம். பதில் சொல்ல டைம் இருக்கு. மேல்முறையீடும் செய்யலாம்."

"அந்த இடிபாட்டுக்கும் நோட்டீஸ் உண்டா?"

"உண்டு. யார் கொட்டினதுன்னு தெரியணும்."

செவ்வந்தி கூட்டத்தைப் பார்த்தார். லியாகத் அலி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது யார் கொட்டினதுன்னு தெரியலை. இது யார் கட்டினதுன்னு தெரியும். மொதல்ல இதை எடுத்துருவோம்."

உள்ளே போனார். என்ன செய்யப் போகிறார் என்று யாருக்கும் உடனே விளங்கவில்லை. காஸ் சிலிண்டரின் குழாயைக் கழற்றும் சத்தம் கேட்டது. அடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அடுத்து அரிசி டின். அடுத்து கிரைண்டர். அதைத் தனியாகத் தூக்க முடியாமல் நின்றபோது கீழத்தெருப் பெண்கள் நான்கு பேர் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் அடுப்படி முழுவதும் முற்றத்தில் இருந்தது.

"கடப்பாரை எங்க?"

மருதையன் எடுத்துவந்தார். கொடுக்கவில்லை. "நான் செஞ்ச வினை. நான் இடிக்கிறேன்."

"நீங்க வெட்டினது போதும். குடுங்க இங்க."

"அம்மா, இன்னைக்கே வேணாம்," என்றார் அதிகாரி. "நோட்டீஸ் வரட்டும், சட்டப்படி டைம் இருக்கு."

"எனக்கு வேணாம் மேடம். நீங்க எழுதிட்டுப் போறதுக்குள்ள இதையும் எழுதிக்குங்க."

முதல் அடியில் பூச்சு மட்டும் உதிர்ந்தது. இரண்டாவதிலும் அதேதான். ஐம்பது வயதுப் பெண்ணின் கையில் கடப்பாரை ஒன்றும் பெரிதாகச் செய்துவிடாது. நகர்ப்பக்கம் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். செவ்வந்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னலின் அடியில் குத்தினார். பிறகு அதே இடத்தில் மறுபடி. ஒரு செங்கல் நகர்ந்தது. அந்தச் செங்கல்லை உருவி வரப்பின் இந்தப் பக்கம் போட்டார்.

"அடுத்தவங்க பக்கம் போட வேணாம்," என்றார் கணவரைப் பார்த்து.

ஜன்னல் சாய்ந்ததும் தெரு ஆண்கள் சம்மட்டியோடு வந்தார்கள். அப்போது அவர் விலகிக்கொண்டார். மேலே போட்டிருந்த ஷீட்டை இறக்கியதும் தெற்குச் சுவர் ஒரே சரிவாக விழுந்தது. கடப்பைக் கல்லை உடையாமல் எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை, இரண்டாகப் போயிற்று. சுண்ணாம்புக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாதி அடுப்படி, மூன்று பக்கச் சுவரோடு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

துரைராசு காருக்குப் போகவில்லை. போனால் தோற்றதாகிவிடும் என்று நினைத்திருக்கலாம். பைலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

செவ்வந்தி அதிகாரி முன்னால் போய் நின்றார். தலையெல்லாம் சிமெண்டுத் தூள்.

"கையெழுத்து கேட்டாங்க இல்ல, குடுங்க மேடம் போடுறேன். ஆட்சேபணை உண்டுன்னு எழுதிப் போடுறேன்."

எழுதினார். அவருடைய கையெழுத்து நிதானமான கையெழுத்து. பள்ளிக்கூடப் பதிவேட்டில் எழுதி எழுதி வந்தது.

அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது லியாகத் அலி தொண்டையைச் செருமினார்.

"மேடம், அந்த இடிபாடு." கிழக்கே கை காட்டினார். "துரைராசு சார் டிராக்டர்தான். எங்க வீட்டு வாசல் வழியாத்தான் போச்சு. நான் பாத்தேன்."

"பாய்," என்றார் துரைராசு.

"சொல்லாம இருந்தேன் சார். இதைப் பாத்துட்டு எப்படிச் சொல்லாம இருக்குறது?"

அவர் சொன்னதும் இன்னும் இரண்டு பேர் நாங்களும் பார்த்தோம் என்றார்கள். அதிகாரி பெயர்களைக் குறித்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கூட்டம் கலைந்தது.

நோட்டீஸ் ஆவணியில் வந்தது, துரைராசு வீட்டுக்கு. புரட்டாசி முடிவதற்குள் இடிபாடு வந்த வழியே திரும்பிப் போயிற்று, இந்த முறை பகலில். வரைபடத் திருத்த மனு, ஆட்சேபணை இருப்பதால் பரிசீலிக்க இயலாது என்று திரும்பியது. ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. கீழத்தெருத் தண்ணீர் மதகில் நுழைந்து, அறுபதடியும் விரிந்து, கோரையைப் படுக்க வைத்துக்கொண்டு வடிவாய்க்காலுக்குப் போனது. செவ்வந்தி கூடத்தின் மூலையில் அடுப்பை வைத்துச் சமைத்தார். பாதி அடுப்படியில் தார்ப்பாய் கட்டி விறகு போட்டு வைத்தார். இடம் நெருக்கடிதான். தாளிக்கிற நெடி கூடமெல்லாம் அடிக்கிறது என்று மருதையன் முனகினார். முனக அவருக்கு உரிமை இல்லை என்று பதில் வந்தது.

மண்டபம் வரவில்லை. அந்தக் கோபம் நகரில் பலருக்கு இன்றும் உண்டு. சங்கத்தின் பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு வருடம் செவ்வந்திக்குச் சொல்லவில்லை. அவர் கூப்பிடாமலே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். துரைராசு எதிரில் பார்த்தால் தலையசைப்பார், வீட்டுக்கு வருவதில்லை.

அந்த மழைக்குப் பிறகு வந்த தையிலேயே ஆனந்தவல்லியின் மகள் கல்யாணம் கும்பகோணத்தில், ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. பத்திரிகை வைத்திருந்தார்கள், விட முடியாது என்று வைத்ததுதான். செவ்வந்தி பட்டுப் புடவை கட்டி, மருதையனுக்கும் வேட்டி கட்ட வைத்து, முதல் பஸ்ஸில் போய் இறங்கினார். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த ஆனந்தவல்லி சிரித்துக்கொண்டே சொன்னார்.

"வாங்க டீச்சர். நீங்க மட்டும் மனசு வச்சிருந்தா இதெல்லாம் நம்ம நகர்லயே நடந்திருக்கும்."

"நடந்திருக்கும்," என்றார் செவ்வந்தி. "நானும் பக்கத்துல இருந்து பாத்திருப்பேன். பரண்மேல உக்காந்து."

ஆனந்தவல்லி பதில் சொல்வதற்குள் உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார்கள். முதல் பந்தி சம்பந்தி வீட்டாருக்கு, கொஞ்சம் பொறுங்கள் என்று யாரோ சொன்னார். செவ்வந்தி கேட்டுக்கொண்டே நடந்தார். மருதையனின் கையைப் பிடித்து இழுத்து, முதல் வரிசையில் நடு இலையில் உட்கார வைத்து, பக்கத்து இலையில் தானும் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தார்.